கடலுக்குப் போகாத கல்

பாசிர் பாஞ்சாங் கடலோரம் தனசேகரன் வாடகைக்குப் பிடித்திருந்த பங்களாவுக்கு ரத்தினம்மா வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பஸ் மாறி வந்த களைப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். அம்மாவின் கருமாதி முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அண்ணன் வீட்டில் விருந்து. வெள்ளைக்கார மேனேஜர் குடும்பத்தோடு வருகிறாராம். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டைத் தள்ளினாள்.

தோட்டத்தின் நடுவே முழங்கால் உயரத்துக்குக் கல்லால் வட்டம் கட்டி, உள்ளே விறகை எரியவிட்டிருந்தான் தனசேகரன்.

"எப்படி இருக்கு? மேகசின்ல பார்த்தேன். அரை வட்டமா ஒண்ணு, சதுரமா ஒண்ணு, உட்காரத் திண்டு வச்சு ஒண்ணுன்னு எத்தனையோ டிசைன். இதுதான் கிளாஸா இருந்துச்சு."

சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் குளிர்காய நெருப்பு! இந்த மனிதனுக்குப் புத்தி கெட்டுத்தான் போயிருந்தது.

அண்ணி கண்மணி கூஜாவோடு வந்து டம்ளரில் சாய்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"இப்பத்தானே நிரப்பினேன்," என்று முணுமுணுத்தாள். "நெருப்பு மூட்டினதுலேருந்து இப்படித்தான். எதுல ஊத்தி வச்சாலும் காணோம்."

காற்று திரும்பியது. புகையோடு ஈர மஞ்சள் வாடையும் நல்லெண்ணெய் வாடையும் வந்தன.

ரத்தினம்மா குனிந்து பார்த்தாள். மேல் வரிசையில் ஒரு கறுப்புக் கல். குறுக்கே வெள்ளைக் கோடு.

அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும்.

அது அம்மாவுக்காக ஊன்றிய கல். கருமாதி வரைக்கும் செத்தவர் அதில்தான் தங்கியிருப்பார். சிதையில் வெந்த உயிருக்குத் தாகம் அடங்காதென்று தினமும் அவள்தான் அதற்கு நல்லெண்ணெயும் மஞ்சளும் தடவித் தண்ணீர் ஊற்றினாள். கடைசியில் மகன் கையால் கடலில் விட்டால்தான் அம்மா போய்ச் சேருவாள். தனசேகரன் காரில் எடுத்துப் போனான். விட்டாயிற்று என்று திரும்பி வந்து சொன்னான், வாய் கூசாமல்.

"இது அம்மா கல்லுடா."

அண்ணனை அவள் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

"அன்னைக்கு மழை லா," என்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு. "கார்லயே கெடந்துச்சு. கொத்தனார் எடுத்து வச்சுக் கட்டியிருப்பான். கல்லுதானே, விடு."

"பெத்தவளை மறுபடியும் நெருப்புல வச்சுட்டு, கல்லுதானேங்கிறியா? நீயெல்லாம் மனுசனா?"

"தண்ணி..."

கண்மணியின் உதடு அசையவில்லை.

சத்தம் நெருப்புக்குள்ளிருந்து வந்தது.

ரத்தினம்மா குழாயடிக்கு ஓடினாள். வாளி வாளியாகக் கொண்டுவந்து கொட்டினாள். விறகு அணைந்தது, ஆனால் கல்லிலிருந்து ஆவி எழவில்லை. யாரோ மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசி வாளி தீர்ந்தும் கல் காய்ந்தே கிடந்தது.

"வாம்மா, நான் கொண்டுபோய் விடுறேன்." புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக் கல்லைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை.

"நீ வேணாம்."

அம்மாவின் குரலேதான். ஆனால் உயிரோடிருந்த நாளில் அம்மா யாரிடமும் இத்தனை கோபமாகப் பேசியதில்லை.

"அவன் வரட்டும்."

தனசேகரன் பின்வாங்கினான். ரத்தினம்மா அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அவன் தொட்டதும் கல் தானாகக் கழன்று அவன் கைகளில் விழுந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகக் கடலை நோக்கி நடந்தான். அவன் நடந்தானா, அது நடத்திக்கொண்டு போனதா, தெரியவில்லை.

இடுப்பளவு தண்ணீர். கழுத்தளவு.

தலை மறைந்தது.

கரையில் நின்ற ரத்தினம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை ஆத்திரத்திலும், அண்ணன் திரும்பி வரவேண்டுமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

வெகுநேரம் கழித்து அவன் எழுந்து கரைக்கு வந்தான். கை வெறுமையாக இருந்தது.

"விட்டுட்டேன்," என்றான். உதடு வெடித்திருந்தது. "தொண்டை காயுது, ரத்தினம்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தலையைத் துவட்டிவிட முந்தானையை எடுத்தாள்.

அவன் தலைமுடி உலர்ந்து பறந்துகொண்டிருந்தது. கடலுக்குள் மூழ்கி எழுந்தவனின் வெள்ளைச் சட்டையில், விருந்துக்காகப் போட்ட இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை.