பாலால் கட்டிய வீடு

வீட்டில் பால் திரிந்த வாடை அடித்தது. வீட்டுக்காரி ஒதில் பால் வாங்குவதை நிறுத்தி ஆறு வருடமாகிறது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கடுங்காப்பியோடு சரி. இருந்தும் செப்டம்பர் பிறந்ததிலிருந்து, பிற்பகல் வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து விழும் நேரத்தில், கணப்படுப்பின் பக்கமிருந்து அந்தப் புளித்த வாடை கிளம்பி, திரைச்சீலையில் ஏறி, படுக்கை விரிப்பில் ஏறி, கடைசியில் அவள் தலைமயிரிலேயே குடியேறிவிட்டது. எலி செத்துக் கிடக்கும், வேறென்ன இழவு என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

வேறு வருடமாயிருந்தால் பொறுத்துப் போயிருப்பாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, பழைய வீடுகளை எல்லோருக்கும் திறந்து காட்டும் பாரம்பரிய தினம். கருங்கல்லும் காடும் மழையும் தவிர உருப்படியாக ஒன்றும் இல்லாத மோர்வான் மலையில், அந்தச் சின்ன ஊரில், மாடியும் மச்சுமாக நிமிர்ந்து நிற்கிற வீடுகள் நான்கே நான்கு. நான்கையும் ஊரார் பால் வீடு என்பார்கள். அந்தக் காலத்தில் ஊர்ப் பெண்கள் பாரிஸிலிருந்து அநாதைக் குழந்தைகளைக் கூட்டிவந்து கூலிக்குப் பாலூட்டி, அந்தச் சம்பாத்தியத்தில் எழுப்பியவை. ஒதிலின் வீட்டைக் கட்டியது அவளுடைய பூட்டி பிலிபெர்த். பூட்டியின் பெயர் பொறித்த பித்தளைப் பலகையை மேயர் பெர்னான் ஞாயிற்றுக்கிழமை வாசல் சுவரில் பதிக்கப்போகிறார். கல்யாணம், குழந்தை குட்டி எதுவும் வாய்க்காமல் அறுபத்திரண்டு வயதாகிவிட்ட ஒதிலுக்கு, தனக்குப் பின்னால் இந்தப் பெயராவது நிற்கும் என்ற ஒன்றுதான் மிச்சம்.

அதனால்தான் வியாழக்கிழமை கொத்தனார் லூசியானை வரவழைத்தாள். அவர் கணப்பின் பின்சுவரை மறைத்திருந்த வார்ப்பிரும்புத் தகட்டை நெம்பி நகர்த்தினார். பின்னால் ஒரு பொந்து. பொந்து நிறையச் சாம்பல். சாம்பலின் மேல், யாரோ இப்போதுதான் வைத்துவிட்டுப் போனதுபோல, எலும்பு மணிகள் கோத்த ஒரு சின்னக் கழுத்துக்கயிறு.

அது என்னவென்று லூசியானுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய தாத்தாவே ஒரு பாரிஸ் பிள்ளை. ஒரு பிள்ளைக்கு இன்னொன்றை மாற்றி ஏமாற்றக் கூடாதென்று, அநாதை இல்லத்திலேயே எண் பொறித்த வில்லையோடு இந்தக் கயிற்றைக் கழுத்தில் கட்டி, முடிச்சில் ஈயத்தை நசுக்கி முத்திரை வைத்து அனுப்புவார்களாம். பிள்ளை வளர்ந்த பிறகு அதிகாரி வந்து வெட்டித்தான் எடுப்பார். தாத்தாவின் வெட்டின கயிறு இன்றைக்கும் லூசியான் வீட்டு இழுப்பறையில் கிடக்கிறது.

இது வெட்டின கயிறு அல்ல. முத்திரை அப்படியே இருந்தது. லூசியான் தன் மூன்று விரல்களை வளையத்துக்குள் விட்டுப் பார்த்தார். அதற்கு மேல் நுழையவில்லை.

“தலை வழியா இது வராது ஒதில்,” என்றார். “கழுத்துன்னு ஒண்ணு இல்லாமப் போனாத்தான் கழலும்.”

அவர் கரண்டியைச் சாம்பலில் இறக்கப் போனார். அவள் அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

“போதும். மூடிடுங்க.”

“கீழ இன்னும் என்னமோ தட்டுப்படுதே.”

“ஞாயித்துக்கெழம கழியட்டும். அப்புறம் நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

லூசியான் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எங்க தாத்தாவ இந்த வீட்டுக்கு அனுப்பாம விட்டாங்களே, அந்தமட்டும் நான் பொழச்சேன்,” என்றார். தகட்டைத் திருப்பி வைத்தார். கூலி வாங்காமல் போய்விட்டார்.

அவமானம் என்றால் அப்படியொரு அவமானம். அவள் என்ன கொன்றாளா, கண்டாளா? ஆனாலும் முகம் கழுவக் கண்ணாடி முன் நிற்க முடியவில்லை. பூட்டியின் தாடை, பூட்டியின் நெற்றி. சொந்தப் பிள்ளைக்கு ஒரு முலையும் பாரிஸ் பிள்ளைக்கு ஒரு முலையும் என்று பெருமையடித்த வீட்டில், எந்தப் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. நிறைந்த வயிற்றின் வழியில் வந்தவள்தான் ஒதில்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் தகட்டுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. எலி பிறாண்டுகிற சத்தமாக இல்லை. ஈரமான, சின்னச் சத்தம். கொஞ்சம் உறிஞ்சும், ஒன்றும் கிடைக்காமல் நிறுத்தும், மூச்சு வாங்கும், மறுபடி உறிஞ்சும். அவள் வானொலியைச் சத்தமாக வைத்தாள். சனிக்கிழமை வானொலியையும் மீறிக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நாற்பது பேர் வந்துவிட்டார்கள். மேயர் பெர்னான் பலகையைத் திறந்து, இந்த ஊரின் தாய் என்றெல்லாம் பூட்டியைப் புகழ்ந்து முடித்து, எல்லோரையும் உள்ளே கூட்டிவந்தார். கடைசியில் லூசியான், தொப்பியைக் கையில் பிடித்தபடி. ஒதில் கணப்புக்கு முதுகைக் காட்டி நின்று, வருடாவருடம் சொல்லும் கதையைச் சொன்னாள். வெளியூர்ப் பெண்ணொருத்தி, வளர்க்கக் கூட்டிவந்த பிள்ளைகள் எல்லாம் பிழைத்தனவா என்று கேட்டாள்.

இதுதான் சமயம். சொல்லியிருக்கலாம். லூசியான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒண்ணுகூடச் சாகல,” என்றாள் ஒதில். “எல்லாத்தையும் தன் பிள்ள மாதிரிதான் வளத்தாங்க.”

சொல்லி வாய் மூடவில்லை. மார்பில் சுருக்கென்று குத்தியது. பிறகு ஒரு வெதுவெதுப்பு.

வெளியூர்ப் பெண்ணின் பார்வை கீழே இறங்கி, அவசரமாக விலகியது. ஒதில் குனிந்து பார்த்தாள். நீலப் பட்டுச் சட்டையில் இரண்டு ஈர வட்டங்கள். பரவிக்கொண்டிருந்தன. வயிற்றுப் பக்கம் ஒழுகின. பால் வாடை, இந்த முறை புளிப்பில்லாமல், புத்தம் புதிதாக, இனிப்பாக அறை முழுக்க எழுந்தது. மேயர் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ அவள் தோளில் ஒரு சால்வையைப் போர்த்தினார்கள். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது அவளுக்கு.

ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியாக லூசியான்.

“இப்பவாவது தோண்டட்டுமா?” என்றார்.

அவள் தலையாட்டி மறுத்தாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

வெளியே இன்னும் நல்ல வெயில். உள்ளே அந்தச் சத்தம். உறிஞ்சியது. நிறுத்தியது. மூச்சு வாங்கியது. கோபமாகவே இல்லை அது. பசி. வெறும் பசி. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

நாற்காலியைக் கணப்பின் முன் இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தாள். சால்வையை நழுவவிட்டாள். சட்டையில் கை வைத்தாள். ஒரு பொத்தான். இன்னொன்று.

இரும்புத் தகடு தானாக நகர்ந்தது. ஓர் அங்குலம். ஒரு சாண். சாம்பல் சரிந்து அவள் காலடிக்கு வந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

வலப்பக்கம், பனிக்கட்டி போலக் குளிர்ந்த ஈறுகள் கவ்விக்கொண்டன. பல் இல்லை. குடிக்கத் தொடங்கியது. மடக். மடக். அவளையறியாமல் அவள் கை வளைந்து, எடையே இல்லாத ஏதோ ஒன்றைத் தாங்கிக்கொண்டது. மன்னிச்சிடு என்று முணுமுணுத்தாள். மன்னிச்சிடு, குடி.

அப்போது இடப்பக்கமும் கவ்வியது.

பிறகு முழங்காலில் ஒரு பிஞ்சுக் கை. இன்னொரு கை. பாவாடையைப் பிடித்து, முட்டி மோதி, ஏறிக்கொண்டிருந்தார்கள்.