தடியின் மறுநுனி

எண்பத்தேழாம் ஆண்டு மாசி மாதம். மத்தியானம் சாய்கிற நேரம். அச்சுவேலிச் சந்தைக்குப் பின்னால் போகிற ஒழுங்கையில், வேலியோரம் சைக்கிளைச் சாத்திவிட்டு இராசநாயகத்தார் திறப்பை எடுத்தார். பூட்டுக் கறள் பிடித்திருந்தது. மழைக்குப் பூட்டிக் கிடந்தால் எந்தப் பூட்டும் கறள் பிடிக்கும், அதில் ஒரு மாயமும் இல்லை. அப்படித்தான் அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அன்றைக்குப் பட்டறையை மூடுகிற நாள். மூடுகிறதென்றால் அடியோடு மூடுகிறது. மருதனார்மடத்து நாகலிங்கம் உழவு மெசினும் இழுவைப் பெட்டியுமாய் வந்து கடைசல் மெசினை ஏற்றிக்கொண்டு போனால், பிறகு அது நாலு சுவரும் ஒரு கூரையும்தான்.

அங்கே செய்தது பில்லியட் தடி. பச்சைத் துணி விரித்த மேசையில் பந்து தட்டி விளையாடுகிற தடி. யாழ்ப்பாணத்தில் அதை விளையாடுகிற ஆட்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். வாங்கினது முழுக்கக் கொழும்புக் கிளப்புகளும் தோட்டத்துத் துரைமாரின் கிளப்புகளும். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பு ஓடர் விழுந்தது. கறண்ட் வருகிறதும் போகிறதுமாய் இருந்தது. அதால்தான் மூடுகிறேன் என்று இராசநாயகத்தார் ஊருக்குச் சொன்னார். ஊரும் நம்பியது. ஊருக்கு எதையாவது நம்பினால் போதும்.

கதவைத் தள்ளினார்.

உள்ளே இருட்டு. முதிரை மரத்தூளின் மணம், அரக்கின் மணம், ஈரச் சீமெந்தின் மணம். பாதி செய்த தடிகள், வளையாமல் இருப்பதற்காக நூலில் கட்டி முகட்டிலிருந்து தொங்கவிட்டபடியே கிடந்தன. காற்று இல்லை. யன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. ஆனாலும் தடிகள் ஒன்றோடொன்று மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன.

டொக்.

டொக்.

இன்னொரு மணமும் இருந்தது. இப்போதுதான் பற்ற வைத்த சுருட்டின் மணம்.

இராசநாயகத்தார் சுருட்டுக் குடிப்பதில்லை. அந்தப் பட்டறையில் குடித்தவன் ஒருத்தன்தான். கிறகோரி. குருநகர்க்காரன். வள்ளங்களுக்குப் பாய்மரம் சீவின குடும்பம். செய்து முடித்த தடியை நேர் பார்ப்பது அவனுடைய வேலை. தடித்த பக்கத்தைக் கன்னத்தோடு வைத்து, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் நுனி வரைக்கும் பார்க்கவேண்டும். எள்ளளவு வளைவு இருந்தாலும் தெரிந்துவிடும்.

தூர நின்று பார்த்தால், ஒருத்தன் துவக்குப் பிடித்துக் குறி பார்ப்பது மாதிரியே இருக்கும்.

ஆமியின் ஹெலி தாழப் பறந்து, துவக்கு என்று பட்டதையெல்லாம் சுட்டுத் திரிகிற காலம். ஆகையால் பட்டறையில் ஒரு கட்டளை இருந்தது. தடியை நேர் பார்க்கிறதென்றால் உள்ளே, டியூப் லைற்றுக்குக் கீழேதான் பார்க்கவேண்டும். முற்றத்தில் கூடாது. அந்தக் கட்டளையைப் போட்டவரும் இராசநாயகத்தார்தான்.

அதை மீறச் சொன்னவரும் அவர்தான்.

மார்கழியில் நடந்தது. கறண்ட் இல்லை. மழை இருட்டு. மற்ற வேலைக்காரர் ஒருவரும் வரவில்லை. கண்டிக்குத் தடி கொண்டுபோகிற லொறி பின்னேரம் வெளிக்கிட இருந்தது.

"முதலாளி, உள்ளுக்கை ஒண்டும் தெரியுதில்லை. நாளைக்குப் பாப்பம்," என்றான் கிறகோரி.

"லொறி உமக்காக நாளைக்கும் நிக்குமோ? முத்தத்திலை நிண்டு பாரும்."

"சத்தம் ஒண்டு கேக்குது முதலாளி."

"அது பலாலிக் காம்ப் பக்கம். கெதியாப் போம்."

அது பலாலிப் பக்கம் இல்லை. கிறகோரி கிணற்றடியில் போய் நின்று தடியைக் கன்னத்தில் வைத்தபோது, முகிலுக்குள்ளால் ஹெலி தாழ இறங்கினது. இராசநாயகத்தார் கதவு நிலையைப் பிடித்தபடி உள்ளேதான் நின்றார். கூப்பிட்டிருக்கலாம். வாய் வரவில்லை.

வெடிச் சத்தத்துக்கு ஓடிவந்த சனம், கிணற்றடியில் செத்துக் கிடந்தவனைக் கண்டு, என்ன நடந்தது என்று கேட்டது. அப்போதுதான் வாய் வந்தது.

"விசரன்! ஹெலிக்குத் துவக்கு மாதிரித் தடியை நீட்டி விளையாடினான். வேண்டாம் வேண்டாமெண்டு கத்தினனான், கேட்டால்தானே!"

கிறகோரியின் சவப்பெட்டி குருநகருக்குப் போய்ச் சேர முதலே அந்தக் கதை போய்ச் சேர்ந்துவிட்டது.

வெளியே உழவு மெசின் வந்து நின்றது. நாகலிங்கம் இரண்டு கூலியாட்களோடு சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். பெருத்த உடம்பு, பெருத்த சிரிப்பு.

"என்ன அண்ணை, செத்த வீடு மாதிரி இருட்டுக்கை நிக்கிறியள்? யன்னலைத் திறவுங்கோவன்."

"மெசினைத் தூக்கிக்கொண்டு போ நாகலிங்கம். கதையைக் குறை."

"தடியளையும் தாங்கோ. மாடு கலைக்க உதவும்." நாகலிங்கம் மூலையில் சாத்தியிருந்த ஒரு தடியை எடுத்து உருட்டிப் பார்த்தான். "உதாலைதானே அந்தக் குருநகரான் ஹெலியைச் சுடப் பாத்தவன்? எப்பிடி அண்ணை பிடிச்சவன்? இப்பிடியோ?"

இடது கண்ணை மூடினான். தடியைக் கன்னத்தில் வைத்தான்.

"டுமீல்!"

கூலியாட்கள் சிரித்தார்கள். நாகலிங்கம் சிரிக்கவில்லை. தடியை இறக்கவும் இல்லை. மூடின கண் மூடினபடி, வாய் மட்டும் மெதுவாய்த் திறந்தது.

"அண்ணை, அங்காலை ஆர் நிக்கிறது?"

"எங்காலை?"

"தடியின்ரை மற்ற நுனியிலை."

அங்கே சுவர்தான் இருந்தது. நாகலிங்கம் தடியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தான். திரும்பவும் தடியை எடுத்துப் பார்த்தான்.

"ஒரு கண்," என்றான் மெதுவாய். "அந்தப் பக்கத்தாலை ஒராள் என்னை நேர் பாக்கிறான்."

அதற்குப் பிறகு அவன் பகிடி விடவில்லை. மெசினை ஏற்றின வேகத்தில் ஒரு கூலியாளின் விரல் நசுங்கியது. தடிகளை ஏற்றவா என்று மற்றவன் கேட்டபோது, "தொடாதை!" என்று கத்தினான். உழவு மெசின் ஒழுங்கையை விட்டுப் போகும்வரைக்கும் அவன் திரும்பிப் பார்க்கவேயில்லை.

இராசநாயகத்தார் கதவைப் பூட்டிவிட்டுப் போயிருக்கலாம். கால் எடுக்கவில்லை. நாகலிங்கம் ஒரு பொய்க்காரன், அவனை நம்பி ஒரு கத்தரிக்காயும் வாங்கக்கூடாது. அப்படி நினைத்துக்கொண்டு தடியை எடுக்கப் போன கை, பாதி வழியில் நின்றுவிட்டது.

வாசலில் வெளிச்சம் மறைந்தது.

லூர்த்தம்மா நின்றாள். கறுப்புச் சேலை, கையில் ஒரு பனையோலை உமல். கிறகோரியின் பெண்சாதி.

"முதலாளி, பட்டறை மூடுறியளாமெண்டு சொல்லிச்சினம். அவரின்ரை சீவுளி, உளியள் இஞ்சை கிடக்கு. எடுத்துக்கொண்டு போவமெண்டு வந்தனான்."

"எடு தங்கச்சி. உந்த மேசைக்குக் கீழை கிடக்கு."

அவள் குனிந்து ஒவ்வொன்றாய் எடுத்து உமலில் போட்டாள். கை போட்டது, வாய் ஓயவில்லை.

"என்ரை தமையன்மார் முகத்திலை முழிக்கேலாமல் இருக்கு முதலாளி. கோயிலுக்குப் போனாலும் பெடியள் என்ரை பிள்ளையளைப் பாத்து டுமீல் எண்டுதுகள். நான் அவரின்ரை படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைச்சிருக்கிறன். கட்டினவளையும் பிள்ளையளையும் நினையாமல் ஹெலியோடை விளையாடின மனிசன்ரை முகத்தை ஏன் பாக்கோணும்?"

இராசநாயகத்தார் நிலத்தைப் பார்த்தார்.

லூர்த்தம்மா நிமிர்ந்தாள். "நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள். ஒருக்காச் சொல்லுங்கோ. நான் வேறை ஒண்டும் கேக்கேல்லை. உண்மையாய் அவர் விளையாடினவரோ?"

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது. அது அவருக்கும் தெரியும். ஆனால் குருநகரிலிருந்து அவளுடைய தமையன்மார் வந்து முற்றத்தில் நிற்பது கண்ணுக்குள் தெரிந்தது.

"ஓம் தங்கச்சி," என்றார். "நான் கத்தினனான். கேக்கேல்லை."

முகட்டில் தட்டிக்கொண்டிருந்த தடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன.

அந்த அமைதி சத்தத்தைவிட மோசமாய் இருந்தது. சுருட்டு மணம் இப்போது அவருடைய முகத்துக்கு நேரே வந்தது.

லூர்த்தம்மா அதைக் கவனிக்கவில்லை. நாகலிங்கம் போட்டுவிட்டுப் போன தடியை எடுத்தாள்.

"வீட்டிலையும் இதே விசர்தான். அகப்பைக் காம்பை எடுத்தாலும் ஒருக்கா நேர் பாத்துப்போட்டுத்தான் என்னட்டைத் தருவார். விளக்குமாத்துத் தடியையும் விடமாட்டார்." சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. புருஷன் செய்வது மாதிரியே இடது கண்ணை மூடித் தடியைக் கன்னத்தில் வைத்தாள். நுனி இராசநாயகத்தாரின் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

அப்படியே நின்றாள்.

"முதலாளி."

"என்ன?"

"திரும்பாதேங்கோ."

பாதி திரும்பின தலையை அவர் அப்படியே வைத்திருந்தார்.

"அவர் உங்களுக்குப் பின்னாலை நிக்கிறார்."

"லூர்த்தம்மா, தடியைக் கீழை வை."

"உங்கடை தோளிலை கை வைச்சிருக்கிறார்." அவளுடைய குரல் மூச்சாய்த்தான் வந்தது. "ஏன் முதலாளி அவர் உங்களை முத்தத்துப் பக்கம் தள்ளுறார்?"

தோளில் பாரம் விழுந்தது. குளிர்ந்த, ஈரமான பாரம். கால் தானாய் ஒரு அடி வாசலை நோக்கிப் போனது. இன்னொரு அடி. வெளியே கிணற்றடி தெரிந்தது. முகில் ஒன்றும் இல்லாத வானத்தில் எங்கேயோ இரைச்சல் கேட்டது.

இராசநாயகத்தார் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நான்தான்! நான்தான் போகச் சொன்னனான்! அவன் மாட்டனெண்டவன். நான்தான் போகச் சொன்னனான்!"

பாரம் இல்லாமல் போனது. இரைச்சலும் நின்றது.

லூர்த்தம்மா தடியை இறக்கினாள். கத்தவில்லை, மண் அள்ளித் தூற்றவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு உமலைத் தூக்கினாள்.

"இது பயத்திலை சொன்னது. இதை நான் போய்ச் சொன்னால் விசரி எண்டுவினம். வாற ஞாயிறு பூசை முடிய எங்கடை கோயில் வாசலுக்கு வாங்கோ. சனத்துக்கு முன்னாலை உங்கடை வாயாலை சொல்லுங்கோ. அண்டைக்கு அவரின்ரை படத்தைத் திருப்பி வைக்கிறன்."

"ஓம்," என்றார் இராசநாயகத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வெளிக்கிட்டது உண்மை. வேட்டி கட்டி, திருநீறு பூசி, சைக்கிள் மிதித்துக் குருநகர் வரைக்கும் போனார். மணிச் சத்தம் கேட்டது. கடல் மணத்தது. கோயில் வாசலில் லூர்த்தம்மா இரண்டு பக்கமும் பிள்ளைகளைப் பிடித்தபடி நிற்பதைக் கண்டார். அவள் தெருவைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் அவளுடைய தமையன்மார், வலை இழுத்து இறுகின தோள்கள்.

மதிலோரம் அவர் காலை ஊன்றினார். பயம் என்று சொல்லலாம். வெட்கம் என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும், சைக்கிள் திரும்பியதுதான் நடந்தது.

அவள் அங்கே எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. தனியாய்ச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பட்டறைக்குள் செத்த மனிசனைக் கண்டேன் என்றவளின் சொல்லை ஆர் எடுப்பான்? அவள் சொன்ன மாதிரியே விசரி என்றார்கள்.

அன்றைக்குத் திரும்பி வருகிற வழியில், நீர்வேலிப் பக்கம் றோட்டு நீட்டுக்கு நேராய்ப் போகிற இடத்தில், இராசநாயகத்தார் தலையை நிமிர்த்திப் பார்த்தார். றோட்டின் கடைசியில் ஒரு ஆள் நின்றான். மிதிக்க மிதிக்க அவன் அதே தூரத்தில் நின்றான். வளைவு வந்ததும் இல்லாமல் போனான்.

பிறகு நேராய் இருக்கிற எல்லாவற்றிலும் அப்படித்தான். கிணற்றுத் துலாவில் கண்ணை ஓட்டினால் துலாவின் நுனிக்கு அப்பால் நின்றான். தண்டவாளத்தைப் பார்த்தால் தண்டவாளம் முடிகிற இடத்தில் நின்றான். ஒவ்வொரு முறையும் முந்தினதைவிடக் கொஞ்சம் கிட்டவாய். இராசநாயகத்தார் குச்சொழுங்கைகளால் சுற்றிச் சுற்றிப் போகத் தொடங்கினார். வீட்டில் உடுப்புக் காயப்போடுகிற கொடியை அவிழ்த்துத் தொய்யவிட்டார்.

"என்னப்பா உங்களுக்கு?" என்று சிரித்தாள் பெண்சாதி ஞானாம்பிகை. "நேராய்க் கிடக்கிறதெல்லாம் உங்களைக் கடிக்குதோ? சீலையெல்லாம் மண்ணிலை இழுபடுது."

அவளிடமும் அவர் சொல்லவில்லை.

பங்குனியில் ஒருநாள், விளக்கு வைக்கிற நேரம். ஞானாம்பிகை குசினி வாசலில் இருந்து புட்டைப் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நேரே விறாந்தை, அதற்கு நேரே முற்றம், அதற்கு நேரே தெருவாசல் படலை. இராசநாயகத்தார் படலைக்கு முதுகைக் காட்டி இருந்து சாப்பிட்டார். இப்போதெல்லாம் அப்படித்தான் இருப்பார்.

அவளுடைய கை புட்டுக் கோப்பைக்கு மேலே நின்றது.

"ஆரப்பா உவர், படலையடியிலை? கனநேரமாய் நிண்டு எங்களைப் பாக்கிறார். ஒரு கண்ணிலை ஏதோ வருத்தம் போலை, மூடிக்கொண்டு நிக்கிறார்."

இராசநாயகத்தார் தலையை நிமிர்த்தவில்லை. வேண்டாம் என்று சொல்லவேண்டும். வாய் வரவில்லை.

ஞானாம்பிகை எழும்பி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனாள்.

"ஏன் அதிலை நிக்கிறியள்?" என்று கூப்பிட்டாள். "உள்ளுக்கை வாங்கோவன்."

படலை திறக்கிற சத்தம் கேட்டது.