முன்தொடையில் இரண்டு வரிசை முள்

டில்லிபாபுவின் பிணம் வல்லம் வடகால் ஏரியில், கோரைக்குள் குப்புறக் கிடந்தது. முதலில் பார்த்தது காலை ஷிப்டுக்குப் போனவர்கள். சிலர் கம்பெனி பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடினார்கள். சிலர் வருகைப் பதிவு பஞ்ச் போய்விடுமே என்று ஜன்னலோடு பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் ஆளைப் பிடித்தாகிவிட்டது. நம்பிராஜன், டில்லிபாபுவோடு அதே தொழிற்சாலையில் பம்ப் வேலை பார்த்தவன். இருவரும் சண்டை போட்டதைக் கேட்டவர்கள் உண்டு. பிரேதப் பரிசோதனை சொன்னது இது: பின்மண்டையில் அடி, நுரையீரல் நிறைய ஏரித் தண்ணீர். அடித்துத் தள்ளியிருக்கிறான் என்று இன்ஸ்பெக்டர் முடிவே கட்டிவிட்டார். சாயங்காலம் கோர்ட்டில் நிறுத்த வேண்டியதுதான் பாக்கி.

டில்லிபாபுவின் மனைவி கங்கா லாக்கப் கம்பியின்மேல் செருப்பை வீசினாள்.

"எங்க வூட்டுச் சோத்தைத் துன்னுட்டு எம் புருசனையே கொன்னியேடா!"

"மதினி, நான் தொடவே இல்ல. அந்த மோட்டார்ல கைய வைக்காதலேன்னுதான் ஏசுனேன்."

சப் இன்ஸ்பெக்டர் எழிலரசி நிமிர்ந்தாள். "எந்த மோட்டாரு?"

"கழிவுத்தண்ணி குட்டை மோட்டாரு, அக்கா. தொட்டா கரண்டு சுர்ருன்னு இழுக்கும்."

எழிலரசி போய் இறந்தவனின் சட்டையை மேசைமேல் விரித்தாள். யூனிபார்ம் இல்லை; வீட்டுச் சட்டை. பரிசோதனையில் முதுகுப்பக்கம் வெட்டிக் கழற்றியதால், பட்டன் கழுத்துவரை போட்டபடியே இருந்தது. பட்டன் பட்டியில் கிரீஸ் கறை. பட்டன்களைக் கழற்றிப் பிரித்தபோது, இரண்டு மடிப்புத் துணிக்கும் நடுவே, கிரீஸில் நசுங்கி ஐந்து குட்டி ஈக்கள். பச்சை மினுக்கு உடம்பு, ஒட்டடைக் குச்சி போல நீண்ட கால்.

பம்ப் வேலைக்கு ஆள் வைக்கும் காண்ட்ராக்டர் கோதண்டத்தை வரவழைத்தாள்.

"டில்லிபாபு கடைசியா எங்க வேலை செஞ்சாரு?"

"கேன்டீனாண்ட பைப்பு. முடிச்சிட்டு வூட்டு சட்டையை மாட்டிக்கினு போயிட்டான் மேடம்."

"குட்டைப் பக்கம்?"

"அது ஒரு வாரமா பூட்டிக் கீது. ஒரே சாவி, அதுவும் எங்கிட்ட." இடுப்பில் தொங்கியதைக் குலுக்கிக் காட்டினான்.

எழிலரசி பூச்சி வலையோடு ஏரிக்குப் போனாள். சேற்றோரம் அதே பச்சை ஈ கூட்டமாக ஓடியது. பிடித்துவந்ததை லென்ஸோடு மேசைமேல் வைத்ததும் கோதண்டம் சிரித்தான்.

"ஏரியில செத்தவன் சட்டையில ஏரி ஈ. இதுக்கு இன்னாத்துக்கு மேடம் லென்ஸு?"

எழிலரசி லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தாள். கல்லூரியில் விலங்கியல் படித்த காலத்தில் இந்த ஈக்களை வைத்துத்தான் ஆய்வு செய்தாள். அக்கா தங்கை போல ஒரே நிறம், ஒரே சிறகு, வெறுங்கண் ஏமாந்துபோகும். முன்காலைப் பார்க்க வேண்டும். மாலைக்குள் தொழிற்சாலை வேலிக்கு வெளியே நின்று, குட்டைக்கரைமேல் ஒருமுறை வலை வீசிவிட்டுத் திரும்பினாள்.

"இப்ப நீயே பாரு," என்று லென்ஸைக் கோதண்டத்திடம் நீட்டினாள். "ஏரி ஈயோட முன்தொடை அடியில மழமழன்னு இருக்கா? சட்டையில இருக்கிற அஞ்சுக்கும் சீப்பு மாதிரி ரெண்டு வரிசை கறுப்பு முள்ளு. இது உப்புச் சேத்துல வாழுற இனம். வல்லம் வடகால்ல கடல் எங்கடா இருக்கு? உப்புத் தண்ணி நிக்கிறது உங்க கழிவுத்தண்ணி குட்டையில மட்டும்தான்."

"ஈ பறந்து வராதா மேடம்?"

"வரும். வந்து, பட்டனைக் கழட்டி, உள்ள பூந்து, திரும்பப் போட்டுக்குமா? சட்டைக்குப் பட்டன் போடும்போது மாட்டின ஈ இது. பட்டன் போட்டது உப்புக் குட்டைக்கரையில, கிரீஸ் கையோட. அதே முள்ளு ஈ அங்க மொய்க்குது. சாவி ஒண்ணுதான்னு நீயே சொன்ன."

கோதண்டம் லென்ஸைக் கீழே வைத்தான். "கரண்டு தூக்கி அடிச்சிது மேடம். செவுத்துல மண்டை மோதிக்கிச்சி. உள்ள செத்தான்னா கம்பெனி என்னைத் தூக்கிடும். அதான் சட்டையை மாத்தி வேன்ல... செத்துட்டான்னுதான் நெனச்சேன்!"

"செத்தவன் எப்படிடா தண்ணி குடிப்பான்?" எழிலரசியின் கை மேசையில் இறங்கியது. "நுரையீரல் பூரா ஏரித் தண்ணி. நீ தள்ளும்போது அவனுக்கு மூச்சு இருந்துச்சு. சட்டை மாட்ட நேரம் இருந்துச்சு, ஆம்புலன்ஸுக்கு இல்ல!"

கங்காவின் தொண்டையிலிருந்து வந்தது அழுகை இல்லை. கோதண்டத்தின் மேல் பாய்ந்தவளைப் பிடிக்க மூன்று போலீஸ்காரர்கள் வேண்டியிருந்தது.

லாக்கப்பைத் திறந்துவிட்டார்கள். "வீட்டுக்குப் போப்பா," என்றார் இன்ஸ்பெக்டர், அவன் முகத்தைப் பார்க்காமல்.

நம்பிராஜன் நகரவில்லை. "நான் எங்க போவ? இதே மாதிரி எர்த் இல்லாத மோட்டாரு கேன்டீன் பின்னாலயும் ஓடுதுல்லா. இந்த ஷிப்டுல சுப்பன் நிக்கான். மொதல்ல அதை நிப்பாட்டுங்க சார்."

எழிலரசி ஜீப் சாவியை எடுத்தாள். அவள் வாசலுக்கு வருமுன் கங்கா போய் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.