பெயர் சொல்லி ஒரு வாய்

கௌசிக் முதல் வாயை விழுங்கவில்லை.

காளியாத்தாள் அதை உடனே கவனிக்கவில்லை. நல்லேப்பிள்ளியில் அன்று அடித்த பகல் வெயிலுக்கு, வரப்பில் நிற்கும் கரிம்பனைகளே நிழல் தேடி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும் போலிருந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பனை ஓலைகளை உரசி உரசி, யாரோ காய்ந்த உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்வது மாதிரி ஒரு சத்தத்தை ஜன்னல் வழியாக அனுப்பிக்கொண்டேயிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே இரண்டாவது உருண்டையைப் பிடித்து நீட்டியபோதுதான் பார்த்தாள். அவனுடைய இடது கன்னம் புடைத்திருந்தது. முதல் உருண்டை அங்கேயே இருந்தது.

"முழுங்கு கண்ணு."

அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். இருபத்தாறு வயது ஆள். கக்கத்துக்கு ஒரு நெல் மூட்டையை இடுக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டுவான். ஆனால் பிறந்ததிலிருந்து தன் கையால் ஒரு பருக்கை அள்ளித் தின்றதில்லை. பெரியம்மா ஊட்டவேண்டும். ஊட்டும்போது சொல்லவும் வேண்டும்.

எல்லா வீட்டிலும் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள் பெயர் சொல்லித்தான் ஊட்டுவார்கள். காக்காய்க்கு ஒரு வாய், மாமனுக்கு ஒரு வாய் என்று. காளியாத்தாள் ஒரே பெயரைச் சொன்னாள். "உங்கொப்பன் பூபதிராஜா, உங்கம்மாளை வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டுனானே, அதுக்கு ஒரு வாய். வலி எடுத்து அவ கத்தறப்போ, சித்தூர்ல கொங்கன்படைத் திருவிழா பாத்துட்டு நின்னானே, அதுக்கு ஒரு வாய்." நாளைக்கு மூன்று வேளை, இருபத்தாறு வருஷம். அந்தச் சோற்றையெல்லாம் ஒன்றாகக் கொட்டினால் பாலக்காட்டுக் கோட்டையே மூடிப்போயிருக்கும்.

கௌசிக் அவள் தங்கை நர்மதாவின் பிள்ளை. பூட்டிய வீட்டுக்குள் அவனைப் பெற்றுப்போட்டுவிட்டு நர்மதா செத்துப்போனாள். பூபதிராஜா ஊர் முகத்தில் விழிக்க முடியாமல் உடும்பஞ்சோலைக்கு ஏலத்தோட்ட வேலைக்கு ஓடினான். பிள்ளையில்லாத காளியாத்தாள் பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.

தடுப்பூசி போட வந்த நர்ஸ் ஜின்சி அப்போதே சண்டை பிடித்தாள். "சேச்சி, குட்டிக்குக் கதை சொல்லிச் சோறு கொடு. கொலை சொல்லிக் கொடுக்காதே."

"உள்ள ஓடறது அந்தப் பாவி ரத்தமுங்க, நர்ஸம்மா. சோத்தைப் போட்டுத்தான் அதை அடக்கணும்."

"ரத்தத்துல குணமா ஓடுது? நீ ஊட்டுறதுதான் உள்ளே இறங்கும்."

"எனக்கும் அதுதானுங்க வேணும்."

ரத்தமா, வளர்ப்பா என்று ரேஷன் கடை வரிசையில் இரண்டு கட்சியே உண்டாகி, வாதம் முற்றிய நாட்களில் அரிசி வாங்க வந்தவர்கள் பையை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எந்தக் கட்சி ஜெயித்தது என்று பார்க்கப் போன வாரம்தான் வாய்த்தது. பெரியம்மாவும் பிள்ளையும் உடும்பஞ்சோலைக்குப் போனார்கள். ஜீப் ஓட்டிய சுருளிவேல் பெயரைக் கேட்டதும் சிரித்தான். "பூபதி அண்ணாச்சியையா பாக்கப் போறீக? கோழி அறுக்கிறதப் பாத்தாலே மயங்கி விழுந்துருவாரே, தாயி!" பகல் மூன்று மணிக்கு மூடுபனி இறங்கி, ஜீப்பின் முன்சக்கரமே கண்ணுக்குத் தெரியவில்லை. கௌசிக் ஏலக்காட்டுக்குள் தனியாக நடந்துபோனான். அரை மணி நேரம் கழித்து, கழுவிய கையை உதறிக்கொண்டே திரும்பி வந்தான். மழையில் கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்துவிட்டார் என்று மறுநாள் சொன்னார்கள். காளியாத்தாள் பாயசம் வைத்தாள்.

இப்போது அந்தப் பிள்ளை வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, ஓரமாகப் பேசினான். "அவருதான் முடிஞ்சுட்டாருங்களே, பெரீம்மா. வேற பேரு சொல்லுங்க."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். "செரி. மடையை உடைச்சு நம்ம வயலுக்கு வந்த தண்ணியைத் திருப்பிக்கிட்டான் பாரு பொன்ராஜு, அவனுக்கு ஒரு வாய்."

கௌசிக்கின் தொண்டை அசைந்தது.

விடிந்தபோது பொன்ராஜ் நாலு விரல் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் குப்புறக் கிடந்தான். அதைக் கேட்டதும் காளியாத்தாளுக்கு அடிவயிறு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி பயத்தில் சேர்ந்ததில்லை, வெல்லம் கரைகிற மாதிரியான ஒரு குளிர்ச்சி. மறுநாள் அவளே முந்திக்கொண்டு பெயர் சொன்னாள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு கல்யாணப் பந்தியில் அவளை மலடி என்று சொல்லிச் சிரித்த மாரீஸ்வரி. அவளைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள். துக்கம் கேட்கப் போன காளியாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, பந்தலில் உட்கார்ந்திருந்த முகங்களில் அடுத்தது எது என்று அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி பொறுக்கினாள்.

அப்போதுதான் கௌசிக் பந்தலின் மறுகோடியில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவள் பார்வை எந்த முகத்தில் நின்றதோ, அந்த முகத்தில் அவன் பார்வையும் வந்து நின்றது. நகர்த்தினாள். நகர்ந்தது. அவள் தலை குனிந்துகொண்டாள்.

துக்க வீட்டிலிருந்து திரும்பிச் சோறு ஊட்டியபோது, "காக்காய்க்கு ஒரு வாய்" என்றாள்.

அவன் விழுங்கவில்லை. துப்பவும் இல்லை. வாயில் அடக்கிக்கொண்டு எழுந்து வயலுக்குப் போனான். சாயங்காலம் வந்தான். கன்னம் புடைத்தபடியே இருந்தது. அடுத்த நாளும். நாற்றுக்கட்டைச் சுமந்தான், பம்பு செட்டைப் போட்டான், மாட்டைக் குளிப்பாட்டினான். எல்லாம் அந்தக் கன்னத்தோடு. வீடெங்கும் ஊசிப்போன சோற்றின் புளித்த வாடை, கூடத்திலிருந்து அடுக்களைக்கு, அடுக்களையிலிருந்து அவள் படுக்கும் அறைக்கு, அவள் பின்னாலேயே வந்தது. காளியாத்தாளுக்கும் சோறு இறங்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டால் கதவுக்கு அந்தப்பக்கம் மூக்கால் மூச்சு விடும் சத்தம். மெதுவாக. பொறுமையாக. நல்ல பிள்ளை காத்திருப்பது மாதிரி.

கன்னம் அப்படிப் புடைத்த நாலாம் நாள் மதியம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. குடையை மடக்கியபடி ஜின்சி உள்ளே வந்தாள். வேலையிலிருந்து ஓய்வுபெற்றும் வீடு வீடாக ஏறி இறங்குவதை விடாதவள்.

"என்டா மோனே, பல்லுவேதனையா? கன்னத்துல தேங்காய் வெச்சிருக்கே!"

கௌசிக் ஜின்சியைப் பார்த்தான். பிறகு பெரியம்மாவைப் பார்த்தான். புருவத்தை லேசாக உயர்த்தினான். சொல்லட்டுமா, இல்லை நீங்களே சொல்கிறீர்களா என்று கேட்கிற மரியாதையோடு.

காளியாத்தாள் ஜின்சியின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். "அப்பன் ரத்தம் வெளிய வந்துருச்சுங்க, நர்ஸம்மா."

"யாரு, பூபதியா? அவன் ஊசியைக் கண்டாலே அழுவான்." ஜின்சி குரலைத் தாழ்த்தினாள். "ஊட்டின கை யாரோடது, சேச்சி?"

"போங்க. திரும்பிப் பாக்காமப் போங்க."

ஜின்சியின் செருப்புச் சத்தம் தேய்ந்தது. கௌசிக் பின்னாலேயே போகாதபடி காளியாத்தாள் உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள்.

அவள் திரும்பியபோது கௌசிக் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் தட்டு. சோற்றைத் தயிர்விட்டுப் பிசைந்துகொண்டிருந்தான். தன் கையால். முதல்முறையாக. அவள் பிசைவது மாதிரியே, கட்டை விரலால் அழுத்தி, ஓரத்தில் உருட்டி.

"நீங்க சாப்பிட்டு ரெண்டு நாளாச்சுங்க, பெரீம்மா. உக்காருங்க."

உட்கார்ந்தாள்.

"ஆ."

திறந்தாள்.

"கொங்கன்படைக் கூட்டத்துல குடிகாரனுக வருவாங்கன்னு பூட்டிப்போட்டு, சாவியை உங்ககிட்டத்தான் குடுத்துட்டுப் போனாராமுங்க எங்கய்யன். பள்ளத்தோரம் நின்னு அழுதுட்டே சொன்னாரு. அதுக்கு ஒரு வாய்."

சோறு நாக்கில் விழுந்தது. அவளுக்கு அந்தச் சாவி நினைவு வந்தது. தலையணைக்கடியில் இருந்தது அது. முந்தின நாள் சண்டையில் நர்மதா சொன்ன வார்த்தை, மலடி. கொஞ்ச நேரம் கத்தட்டும் என்றுதான் படுத்திருந்தாள். கொஞ்ச நேரம்தான்.

"ரெண்டு வீட்டுக்கும் நடுச் சுவத்தை எங்கம்மா தட்டுனப்போ, அக்கட்டால நீங்க முழிச்சுட்டே படுத்திருந்தீங்க. அதுக்கு ஒரு வாய்."

"கண்ணு..."

"அக்கா அக்கான்னு கூப்பிட்டாங்க. அதுக்கு."

இதை யார் சொன்னது? பூபதிராஜா அங்கே இல்லை. யாருமே இல்லை. சுவரும், அவளும், அந்தப் பக்கம் அப்போதுதான் பிறந்த ஒன்றும்.

"அப்புறம் கூப்பிடலை. அதுக்கு."

விழுங்க முடியவில்லை. வாய் நிறைந்தது. கன்னம் புடைத்தது. எதிரெதிரே இருவர், ஒரே மாதிரிப் புடைத்த கன்னங்கள். மழை ஓட்டின்மேல் விழுந்தது. மூக்கால் மூச்சு. அவனுடையது. அவளுடையது. பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கௌசிக் அவள் முகத்தை ஆசையாகப் பார்த்தான். நிறுத்தி, தெளிவாகச் சொன்னான்.

"காளியாத்தாளுக்கு ஒரு வாய்."

அவன் தொண்டை அசைந்தது. நாலு நாள் சோறு இறங்கியது. விழுங்கிவிட்டேன் என்று காட்டும் பிள்ளை மாதிரி அவன் வாயை அகலத் திறந்தான். நாக்கைத் தூக்கினான். சுத்தமாக, சிவப்பாக, உள்நாக்குவரை காலியாக இருந்தது.

வாயை மூடாமலே அடுத்த உருண்டையை எடுத்தான். அவளுடைய நிறைந்த வாய்க்குள் அதை வைத்து, கட்டை விரலால் மெதுவாக அழுத்தினான்.