நண்டுக்கு ஒரு வாய் டீ

நண்டு என்று அவளுக்குப் பெயர் வைத்தது அப்பா. ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். இங்கே இருக்கிறாள் என்று பார்த்தால் அங்கே இருப்பாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் நண்டு என்று கூப்பிட்டால்தான் சட்டென்று திரும்புவாள்.

அப்போது பள்ளிக்கு விடுமுறை. பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் அத்தைக்குக் கால் சுளுக்கிக்கொண்டது.

"நண்டைத் துரத்த இந்தக் காலால முடியாது அண்ணி!" என்று அத்தை பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டாள்.

வேறு வழியில்லாமல் அம்மா அவளைத் தன்னோடு அலுவலகத்துக்கு அழைத்துப்போனாள்.

அம்மாவின் அலுவலகத்தில் வீடு கட்டுவதற்கும் கடை கட்டுவதற்கும் வரைபடம் போடுவார்கள். ஒரு மூலையில் கட்டில் அகலத்துக்கு ஒரு பிரிண்டர் இருந்தது. 'கிர்ர்ர்' என்று முனகிக்கொண்டே பாய் மாதிரி பெரிய பெரிய தாள்களை வெளியே தள்ளும். ஒரு கோடு தப்பினாலும் போச்சு. அந்தத் தாள் குப்பைக்குத்தான்.

இப்படி நல்ல தாள் வீணாவது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மேனேஜரிடம் பேசி மூன்று தொட்டிகள் வாங்கி வைத்திருந்தாள். நீலத் தொட்டி பேப்பருக்கு. பச்சைத் தொட்டி சாப்பாட்டு மிச்சத்துக்கு. கம்பி வலைபோட்ட மஞ்சள் தொட்டி கப்புக்கும் பாட்டிலுக்கும். நீலத் தொட்டி நிறைந்தால் பழைய பேப்பர் வண்டிக்காரர் வந்து மில்லுக்கு எடுத்துப்போவார். அங்கே அதைக் கூழாக்கி, மறுபடியும் புதுத் தாள் செய்துவிடுவார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, வண்டிக்காரர் நீலத் தொட்டிக்குப் பக்கத்தில் மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் கையில் ஒரு பெரிய தாள். அதன் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக டீ ஒழுகிக்கொண்டிருந்தது.

"இதப் பாருங்கம்மா. பேப்பரா இது? டீயில ஊறின பன்னு மாதிரி இருக்கு!"

"நேத்துக்கூட எல்லார்கிட்டயும் சொன்னேங்க" என்றாள் அம்மா மெதுவாக.

"நீங்க சொல்றீங்க, யாரு கேக்கறாங்க? ஒரு மூட்டை ஈரமா இருந்தா மில்லுல மொத்த வண்டியையும் திருப்பி அனுப்பிடறாங்க. வெள்ளிக்கிழமை வர்றேன். அப்பவும் இப்படியே இருந்துச்சுன்னா, இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன். மொத்தமும் குப்பை மேட்டுக்குத்தான் போகும்."

அவர் வெறுங்கையோடு லிஃப்டில் இறங்கிப் போனார். பின்னால் யாரோ, "குப்பை மேடத்துக்கு இன்னிக்குச் செம டோஸ்!" என்று கிசுகிசுத்தார்கள். இன்னொருவர் களுக்கென்று சிரித்தார்.

அம்மா கேட்காத மாதிரி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஆனால் அவள் காது மடல் சிவந்துவிட்டதை நண்டு பார்த்துவிட்டாள். வீட்டில் எல்லாரையும் சிரிக்க வைக்கிற அம்மாவை, இங்கே யாரோ பார்த்துச் சிரிக்கிறார்கள். நண்டுக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

அம்மா ஒரு புது அட்டையை எடுத்தாள். 'பேப்பர் மட்டும்!' என்று சிவப்பு மையில் எழுதினாள். நீலத் தொட்டியின் மேல் ஏற்கெனவே அப்படி நாலு அட்டைகள் ஒட்டியிருந்தன.

"அம்மா, அந்த நாலையும் யாரும் படிக்கல. அஞ்சாவதை மட்டும் படிப்பாங்களா?"

"எழுத்தைப் பெருசா போட்டிருக்கேன்ல?"

"யாரு டீ ஊத்தறாங்கன்னு தெரியுமா?"

அம்மா கண்ணால் ஜன்னலோரத்தைக் காட்டினாள். அங்கே வரைபடம் போடும் மீசை மாமா உட்கார்ந்திருந்தார். மீசை என்றால் சும்மா இல்லை, ஒரு பெயின்ட் பிரஷ் அளவுக்கு மீசை. அவர் மேசையில் எப்போது பார்த்தாலும் ஒரு டீ கப் இருக்கும்.

"இந்த ஆபீஸ்லயே டீ நிறையக் குடிக்கறவர் அவர்தான். எல்லாரும் அவரைத்தான் சொல்றாங்க. நாளைக்கு மேனேஜர்கிட்டயே சொல்லிடப்போறேன்."

"அவர் ஊத்தினதை நீ பாத்தியா?"

"இல்ல. ஆனா..."

"வேற யாராவது பாத்தாங்களா?"

அம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

"அப்ப நான் பாக்கறேன்" என்றாள் நண்டு.

பிரிண்டருக்குப் பக்கத்தில் தாள் சுற்றி வரும் நீள நீளமான அட்டைக் குழாய்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் புகுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எதிரே மூன்று தொட்டிகள். அவற்றுக்குப் பக்கத்தில் டீ மெஷின். வசதியான இடம்தான்! நண்டு ஓர் இடத்தில் இத்தனை நேரம் உட்கார்ந்ததை அத்தை பார்த்திருந்தால், காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பாள்.

முதலில் மீசை மாமாதான் வந்தார். நண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மீசை மாமா கப்பை வாயில் கவிழ்த்தார். தலையை அண்ணாந்தார். கப்பின் அடியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். கடைசிச் சொட்டும் உள்ளே இறங்கியது. பிறகு கப்பை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மனசே இல்லாமல் மஞ்சள் தொட்டியில் போட்டார்.

நண்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். இந்த மாமா பேப்பரை நனைக்க வேண்டும் என்றால், முதலில் கப்பில் டீ மிச்சம் இருக்க வேண்டுமே!

அடுத்து வரவேற்பில் உட்காரும் அக்கா வந்தாள். அவள் கப்பில் பாதி டீ இருந்தது. மஞ்சள் தொட்டிமேல் கையைக் கொண்டுபோனாள். யோசித்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். அப்புறம் மெதுவாக நீலத் தொட்டிக்குள் கப்பை இறக்கினாள்.

"அக்கா!"

"ஐயோ!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள் அக்கா. குழாய்களுக்கு நடுவில் ஒரு சின்ன முகம் தெரிந்தது. "நீயா? பயந்தே போயிட்டேன்."

"திட்டறதுக்குக் கேக்கலக்கா. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். ஏன் அதுல போட்டீங்க?"

அக்கா குனிந்து ரகசியமாகச் சொன்னாள். "மஞ்சள் தொட்டியில ஓட்டை ஓட்டையா இருக்குல்ல? அதுல போட்டா டீ தரையெல்லாம் ஓடுது. கூட்டித் துடைக்கறவங்களுக்கு எவ்வளவு கஷ்டம்! பேப்பர்ல போட்டா உறிஞ்சிக்கும். அதான்."

"கழுவற தொட்டியில கொட்டிடலாமே?"

"அது லிஃப்டைத் தாண்டி நடையோட கடைசியில இருக்கு கண்ணு. நான் அங்க போனா இங்க போன் அடிக்கும்."

அக்கா போய்விட்டாள். நண்டு கன்னத்தில் கை வைத்து யோசித்தாள். அக்கா சோம்பேறி இல்லை. அடுத்தவருக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டுதான் பேப்பரை நனைத்திருக்கிறாள்!

அப்போது 'டக் டக்' என்று ஷூ சத்தம் கேட்டது. மேனேஜர் வந்தார். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கியிருந்தார். ஒரு கையில் கோப்பு. இன்னொரு கையில் ஆறிப்போன டீ, கப் நிறைய. ஒரு வாய்கூடக் குடித்த மாதிரித் தெரியவில்லை.

"ஆமாங்க, எங்க ஆபீஸ்ல சுத்தம் ரொம்ப முக்கியம். அதுல நான் கொஞ்சம்கூட விட்டுக்குடுக்க மாட்டேன்" என்று போனில் பேசிக்கொண்டே வந்தவர், திரும்பிக்கூடப் பார்க்காமல் கப்பை நீலத் தொட்டிக்குள் போட்டார்.

தொபக்!

அதே வேகத்தில் அறைக்குள் போய்விட்டார். அன்று இன்னும் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் தொபக், தொபக்!

நண்டு திறந்த வாயை மூடவில்லை. வேலியே பயிரை மேய்கிறது!

சாயங்காலம் பேருந்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மீசை மாமா இல்லம்மா. அவர் கப்பைக் கழுவவே வேண்டாம், அவ்வளவு சுத்தமாக் குடிக்கறார்" என்றாள்.

"நெஜமாவா? அப்ப யாரு?"

அந்தப் பெயர் நண்டின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால், அம்மாவைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தபோது அவள் காது மடல் சிவந்தது நினைவுக்கு வந்தது. இந்தப் பெயரைச் சொன்னால் நாளைக்கு இன்னொருவர் காது சிவக்கும்.

"யாருன்னு வேண்டாம்மா. ஏன்னு சொல்றேன்."

"சரி, சொல்லு."

"குடிச்சது போக மிச்சம் இருக்கற டீயை எங்க ஊத்தறது? நீ அஞ்சு அட்டை எழுதியிருக்க. அதை மட்டும் ஒண்ணுலயும் சொல்லல."

அம்மா நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள்.

"அட மக்கு அம்மாவே! எனக்கு ஏண்டி இது தோணல?"

"நீ டீயே குடிக்க மாட்டியேம்மா" என்று சமாதானம் சொன்னாள் நண்டு.

மறுநாள் அம்மா வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கொண்டுவந்தாள். நண்டு, வீணான வரைபடத் தாள் ஒன்றின் வெள்ளைப் பக்கத்தில் ஒரு பெரிய நண்டு வரைந்தாள். இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு, வாயை 'ஆ'வென்று பிளந்த நண்டு. தாளை அட்டையில் ஒட்டி, வாய் இருந்த இடத்தை வட்டமாக வெட்டி எடுத்து, பக்கெட்டுக்கு மூடியாக வைத்தாள். கீழே, 'எனக்கு ஒரு வாய் டீ!' என்று எழுதினாள். பக்கெட்டை டீ மெஷினுக்கும் நீலத் தொட்டிக்கும் நடுவில் வைத்தார்கள். நீலத் தொட்டியில் ஊறிக் கிடந்த தாள்களை அள்ளி வெளியே போட்டுவிட்டு, பழைய ஐந்து அட்டைகளையும் அம்மாவே கிழித்துவிட்டாள்.

வரவேற்பு அக்காதான் முதலில் ஊற்றினாள். "இந்தா, குடி!" என்றாள் மூடியில் இருந்த நண்டைப் பார்த்து. அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். எப்போதும் மிச்சம் வைக்காத சிலரும், ஊற்றிப் பார்க்கும் ஆசையில் கொஞ்சம் மிச்சம் வைத்தார்கள். மீசை மாமா மட்டும் தூரத்தில் நின்று, "அநியாயம், நல்ல டீயைப் போய்..." என்று பெருமூச்சு விட்டார்.

எல்லாம் சரிதான். ஆனால் மேனேஜர்?

டக் டக் டக். தோளில் போன். கையில் கப் நிறைய டீ. அவர் பக்கெட்டையும் பார்க்கவில்லை, நண்டையும் பார்க்கவில்லை. பழகிப்போன கை நேராக நீலத் தொட்டிக்குப் போனது.

நண்டு எழுந்தாள். இரண்டு கையாலும் பக்கெட்டைத் தூக்கி, கப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் நீட்டினாள்.

"சார், இதுல."

மேனேஜர் நின்றார். பக்கெட்டைப் பார்த்தார். நீலத் தொட்டியைப் பார்த்தார். கையில் இருந்த கப்பைப் பார்த்தார். "அப்புறம் கூப்பிடறேங்க" என்று போனை வைத்தார்.

"நான்... தினமுமே இதுலதான் போடறேனா?"

நண்டு தலையாட்டினாள். "நேத்து பாத்தேன் சார். மூணு தடவை. யார்கிட்டயும் சொல்லல."

மேனேஜர் திருதிருவென்று விழித்தார். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"ஏம்மா சொல்லல?"

"எல்லாரும் உங்களைப் பாத்துச் சிரிப்பாங்களே சார். அதோட, நேத்து பக்கெட்டும் இல்லையே."

மேனேஜர் மூடியில் இருந்த நண்டின் வாயில் டீயை நிதானமாக ஊற்றினார். கப்பை மஞ்சள் தொட்டியில் போட்டார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து, பக்கெட்டை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "கனமா இருக்கு. நீ தூக்காத" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. வண்டிக்காரரும் வந்தார். எல்லாரும் வேலை செய்வது போலத் தலையைக் குனிந்திருந்தார்கள். ஆனால் ஒருவர்கூட வேலை செய்யவில்லை. மீசை மாமா பென்சிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வண்டிக்காரர் நீலத் தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டார். அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். முகர்ந்து பார்த்தார். பிறகு கசக்கினார்.

சரசர!

முறுக்கான சத்தம். அலுவலகம் முழுக்கக் கேட்டது.

"அடேங்கப்பா! அப்பளம் மாதிரி இருக்கே!" என்றார் வண்டிக்காரர். அவர் வாயெல்லாம் பல். "இந்த மாதிரி குடுத்தீங்கன்னா வாரா வாரம் வர்றேம்மா."

அம்மா நிமிர்ந்து நின்றாள். யாரோ கை தட்டினார்கள். உடனே எல்லாரும் தட்டினார்கள்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "ஒரு விஷயம் சொல்லணும். இத்தனை நாளா பேப்பரை நனைச்சதுல பெரிய பங்கு என்னோடது. போன்ல பேசிட்டே கப் கப்பா ஊத்தியிருக்கேன். வீணா ஒருத்தர்மேல பழி விழுந்துடுச்சு. என்னை மன்னிச்சிடுங்க சார்."

எல்லாரும் மீசை மாமாவைப் பார்த்தார்கள். மாமா எழுந்தார். மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார்.

"பழி விழுந்ததுகூடப் பரவாயில்ல சார். டீயை மிச்சம் வைக்கற ஆளுன்னு என்னை நினைச்சாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல!"

அலுவலகமே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அம்மாதான் அதிகம் சிரித்தாள். அவரிடம் போய், "நானும் அப்படித்தாங்க நினைச்சேன், தப்புத்தான்" என்றாள். மாமா, "அப்ப நாளைக்கு டீ உங்க செலவு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வண்டிக்காரர் நண்டு பக்கெட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மேல் மாடியில் பேப்பர் எடுக்கக் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் கதவு மறுபடியும் திறந்தது. மேல் மாடி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள்.

"இங்க ஏதோ டீ குடிக்கற நண்டு இருக்குன்னு வண்டிக்காரர் சொன்னார். எங்களுக்கும் ஒண்ணு கிடைக்குமா?"

"எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டாள் நண்டு.

"அறுபது பேர். எல்லாரும் பாதிக் காபி குடிச்சிட்டு அப்படியே வச்சிடுவாங்க."

நண்டு பக்கெட்டைப் பார்த்தாள். மேல் மாடியை மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

"அவ்வளவு காபியை நண்டால குடிக்க முடியாது. உங்களுக்கு யானை வேணும்" என்று சொல்லிவிட்டு, பிரிண்டருக்குப் பக்கத்தில் கிடந்ததிலேயே பெரிய தாளாகப் பார்த்து எடுத்துத் தரையில் விரித்தாள்.