ஏழாம் எண் சென்சார்

பாலத்துக்கு அடியில் நண்பகலிலும் இருட்டுத்தான். ஈரச் சிமெண்ட் வாடை குப்பென்று அடித்தது. மூன்றாவது தூணின் பெட்டியைத் திறந்து, பொறியாளரான அவள் கருவியைச் செருகினாள். கட்டும்போதே கான்கிரீட்டுக்குள் புதைத்த சென்சார்கள் பன்னிரண்டு. சூடு, ஈரம், துரு எல்லாவற்றையும் உள்ளிருந்தே சொல்பவை. பதினோரு வருடமாக ஏதேதோ சாக்குச் சொல்லி இந்தத் தூணுக்கு வராமல் தப்பித்தவள், இன்று வகையாக மாட்டிக்கொண்டாள்.

எல்லாம் இருபத்து நான்கு டிகிரி.

ஏழு மட்டும் முப்பத்தேழு.

"மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு," என்று சொல்லிப் பார்த்தாள்.

புதைக்கும் முன் ஒரு சோதனை உண்டு. ஒருவர் கம்பிக்கூட்டுக்குள் இறங்கி, சென்சாரை உள்ளங்கையில் இறுக்கிப் பிடிப்பார். சூடு ஏறுவதைப் பெட்டியருகே இருப்பவர் பார்த்து, "போதும், விடு" என்பார். அதுவரை விடக் கூடாது. அன்று உள்ளே இறங்கியவன் அவளுடைய அண்ணன். பெட்டியருகே அவள். ஏழாவதில் போன் வந்தது, பேசிக்கொண்டே நகர்ந்துவிட்டாள். "ஆள் வெளிய வந்தாச்சா?" என்று மேஸ்திரி கேட்டபோது, திரும்பிக்கூடப் பார்க்காமல் "வந்தாச்சு" என்றாள். கான்கிரீட் பம்ப் இரைந்தது.

அண்ணன் கோபித்துக்கொண்டு எங்கோ போய்விட்டதாக வீட்டில் நம்புகிறார்கள். பாவி, இவள் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

முப்பத்தேழு. அசையவே இல்லை.

தூணில் நெற்றியை வைத்தாள். "அண்ணா... தெரியாமப் பண்ணிட்டேன். அம்மாகிட்ட இன்னைக்கே சொல்லிடறேன், சத்தியமா. போதும்ணா, விடு."

முப்பத்தாறு. முப்பது. இருபத்து நான்கு.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். அதே நேரம் போன் அடித்தது. அம்மா.

"எங்கயாவது அண்ணனைப் பத்தித் தகவல் கெடைச்சுதாடி?"

நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ஒண்ணும் தெரியலம்மா. வேலையா இருக்கேன், வைக்கிறேன்."

கருவியில் பதின்மூன்றாவதாக ஓர் எண் ஒளிர்ந்தது. தூணின் வெளிப்புறம் ஒட்டுவதற்குக் கொண்டுவந்த வயரில்லாத புதுச் சென்சார். உறைகூடப் பிரிக்காமல் அவள் தோள்பைக்குள் கிடந்தது.

இருபத்தெட்டு.

முப்பத்து மூன்று.

முப்பத்தேழு.

"போதும்ணா," என்று கிசுகிசுத்தாள். "விடு."

இந்த முறை இறங்கவில்லை.