எந்த லெவல்?

பிரிக்ஃபீல்ட்ஸில் அன்று பெய்த மழையில், கிள்ளான் ஆற்று மீன் ஒன்று மோனோரயிலில் ஏறி உட்கார்ந்தது. டிக்கெட் எடுத்ததா என்று தெரியவில்லை.

குகன் நனைந்தபடி லிஃப்டுக்குள் பாய்ந்தான். நெஞ்சோடு அணைத்திருந்தது, தலையணை கனத்தில் ஒரு சி.எஃப்.ஏ. புத்தகம். முதலீட்டு ஆய்வாளர்களுக்கான தேர்வு அது. மொத்தம் மூன்று லெவல். ஐந்தாம் மாடியில் அவனுக்கு நேர்காணல். இந்த வேலையும் போனால் கிள்ளானில் அப்பாவின் லோரியை ஓட்டவேண்டியதுதான்.

உள்ளே ஒரு பெண். இமையில் ஒரு மழைத்துளி... அவள் சிமிட்டினாள். அவன் படித்திருந்த சூத்திரங்களில் பாதி கரைந்தது.

"எந்த லெவல்?" மாடிப் பொத்தான்மேல் விரல் வைத்துக் கேட்டாள்.

புத்தகத்தைப் பார்த்துவிட்டாளே! தலை குனிந்தான்.

"லெவல் டூ... ரெண்டு தடவை விழுந்துட்டேன்."

"அய்யய்யோ, லிஃப்ட்லயா?"

"இல்ல... ஹால்ல."

"அடி பட்டுச்சா?"

"மனசுலதான் லா."

பாவம் என்று இரண்டை அழுத்தினாள். அவள் கண்களையே பார்த்தபடி இறங்கியவன், அது பல் கிளினிக் என்பதைக் கவனிக்கவில்லை.

"இன்னிக்கே எடுத்துடலாமா?" என்றார் வெள்ளைக் கோட்டு.

இவ்வளவு சுலபமாகவா ஆள் எடுக்கிறார்கள்? "எடுத்துக்கிட்டா சந்தோஷம் சார்!"

நல்ல பல். முழுதாக வந்தது.

அரைமணி கழித்து, வாய் நிறையப் பஞ்சோடு ஐந்தாம் மாடி ஏறினான். வரவேற்பு மேசையில் அதே கண்கள்! ஷாமினி என்றது பெயர் அட்டை. வேண்டுமென்றே அனுப்பியிருக்கிறாள்... முறைத்தான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மேலாளர் கிஷன் கேட்டார். "அடுத்த வருஷம் மார்க்கெட் ஏறுமா?"

"ம்ம்..."

"இறங்குமா?"

"ம்ம்..."

கிஷன் நெகிழ்ந்துபோனார். "பெரிய பெரிய ஆளுங்களே இதைத்தான் நாப்பது பக்கம் எழுதுறாங்க. டிகிரி இருக்கு, கணக்கு இருக்கு, பொறுமையும் இருக்கு. நாளைக்கே வேலைக்கு வாங்க. இந்தத் தடவை லெவல் டூ பாஸ் பண்ணிடுங்க தம்பி. இல்லன்னா வேலை இல்ல."

அவன் விண்ணப்பத்தைக் கோப்பில் வைக்கும்போதுதான் ஷாமினி அந்த வரியைப் படித்தாள். லெவல் டூ... பரீட்சையா! போய்ச் சொல்லலாம். ஆனால் அது தெரியாமல் இந்த ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறோமே... வெட்கம் தடுத்தது.

மறுநாளிலிருந்து அவன் மேசையில் தினமும் ஒரு டப்பா கஞ்சி. கிண்டல் பண்ணுகிறாள் என்று பொருமினான். பொருமிக்கொண்டே குடித்தான். மூன்று மாதம்... ஒரு வார்த்தை பேசவில்லை.

தேர்வு முடிவு வந்த காலையிலும் மழை. அதே லிஃப்ட். அவர்கள் இருவர் மட்டும்.

"எந்த லெவல்?" அன்று போலவே பொத்தான்மேல் விரல் வைத்தாள்.

"த்ரீ."

குழம்பிப்போய் மூன்றை அழுத்தினாள். "அங்க கல்யாணப் பத்திரிகைக் கடைதானே..."

"பரீட்சையைச் சொன்னேன். டூ பாஸ்."

"நெஜமாவா!" துள்ளியவள் சட்டென்று அடங்கினாள். "அன்னிக்கும் பரீட்சையைத்தான் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா விளையாடல. அதான் கஞ்சி..."

"போனது ஒரு பல்லு. அதுக்கு மூணு மாசம் கஞ்சியா?"

"வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்லுவேன்? ரெண்டாவது வாரமே புண்ணு ஆறிடுச்சு. அப்புறமும் மத்தியானம் சோறு சாப்பிடாம இருந்தது... நீங்க கொண்டு வருவீங்கன்னுதான்."

கதவு திறந்தது. எதிரே தங்க எழுத்துப் பத்திரிகைகள். ஐந்தை அழுத்தப்போன அவள் விரலை அவன் மெல்லத் தடுத்தான்.

"ஷாமினி... நீங்க அனுப்பின தப்பான மாடியாலதான் எனக்கு வேலையே கிடைச்சுச்சு. இங்கயும் இறங்கிப் பாக்கலாமா?"

அவள் தரையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

"சாம்பிள் மட்டும்தான் பாக்கலாம்..." என்றபடி முதலில் இறங்கியவள் அவள்தான்.